மெட்டில் மிஞ்சிய நாலு அடி

முப்பது நாற்பது பேர் மண்டபத்தின் நடுவில் ஒருவரோடொருவர் மோதிக்கொண்டு நின்றார்கள். ஒருவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். உடையவில்லை. ஒரு பெண் கால்விரலைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் துள்ளினாள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள்.

குளிர் தொடங்கியிருந்த ஒரு சனிக்கிழமை மாலை அது. டுசல்டோர்ஃபின் தெற்கில் ஒரு தேவாலயத்தின் கூட்ட மண்டபம். மெழுகு பூசிய மரத்தரையின் மணம், வாசலில் தொங்கிய ஈரக் கோட்டுகளின் மணம். மேடையில் ஒலிவாங்கியோடு நின்றது நான். ஆட்டம் சொல்லிக்கொடுத்து அவர்களை மோதவிட்டதும் நான்தான்.

எனக்கு இடப்பக்கம் வயலினோடு ஹைக்கே. அவளுக்கு அப்பால் கித்தார்க்காரர். ஹைக்கே வாசித்த மெட்டில், முடிய வேண்டிய இடத்தில் முடியாமல் நாலு அடி மிஞ்சியது. அந்த நாலு அடிக்கும் சேர்த்துச் சுழலுங்கள் என்று நான் சொல்லித்தான் கொடுத்திருந்தேன். பாதிப் பேர் சுழன்றார்கள். மற்றப் பாதியின் கால்கள் வருடக்கணக்கான பழக்கத்தில் நின்றுவிட்டு அடுத்த சுற்றைத் தொடங்கின.

"ஹைக்கே, அந்த வாலை வெட்டிவிடுவமே. ஒருத்தருக்கும் தெரியாது" என்றார் கித்தார்க்காரர்.

"எனக்குத் தெரியும்" என்றாள் அவள்.

வயலினைப் பெட்டிக்குள் வைத்தாள். மூடவில்லை. மேடையிலிருந்து இறங்கி, மண்டபத்துக்குப் பின்னாலிருந்த குசினிக்குள் போய்விட்டாள். சிரிப்பு அடங்கியது. எல்லா முகங்களும் என்னைப் பார்த்தன.

"கொஞ்சம் தண்ணி குடிச்சிட்டு வாங்கோ" என்று ஒலிவாங்கியில் சொன்னேன்.

இவர்கள் பேசியது எல்லாம் ஜெர்மன் மொழிதான். ஆனால் நினைவில் அது எப்போதோ என் வீட்டுத் தமிழாகிவிட்டது. வருகிறபடியே எழுதுகிறேன்.

தோடை காய்க்கும்வரை

இந்தத் தொடரில் பல் கட்டும் தொழிலைப் பற்றி எழுதியபோது, பக்கத்து மேசைக்காரி ஹைக்கேயைப் பற்றிச் சொல்லியிருந்தேன். படிக்காதவர்களுக்காக: பல் வைத்தியர்களுக்குப் பொய்ப்பற்கள் செய்துகொடுக்கும் ஒரு பட்டறையில் எனக்கு வேலை. நான் பீங்கான் பல் தேய்ப்பேன். அவள் நிறம் தீட்டுவாள். இரண்டு பேரும் முகமூடி போட்டிருப்பதால் கண்ணால்தான் கதைத்துக்கொள்வோம்.

ஓய்வூதியம் வந்த கையோடு என் கணவர் ஊருக்கு, யாழ்ப்பாணத்து இளவாலைக்குப் போனார். வீட்டைத் திருத்திவிட்டு வருகிறேன் என்றுதான் போனார். வீடு திருத்தி முடிந்தது. பிறகு கிணறு இறைத்துச் சுத்தமாக்க வேண்டும் என்றார். பிறகு மதில். பிறகு தோடங்கன்றுகள், ஆரஞ்சுக் கன்றுகள்தான், வைத்தார். அவற்றை விட்டுவிட்டு எப்படி வருவது?

எனக்கு வேலை விட இன்னும் வருடங்கள் கிடந்தன. மகள் ரொறன்ரோவில், கைக்குழந்தையோடு. எங்களுக்குள் சண்டை எதுவும் இல்லை. அவர் தினமும் தொலைபேசி எடுப்பார், முகம் காட்டுவார், சாப்பிட்டாயா என்று கேட்பார். விதவை என்றால் வந்து பார்த்திருப்பார்கள். விட்டுவிட்டுப் போய்விட்டார் என்றால் வந்து துருவியிருப்பார்கள். என் நிலைக்கு ஒரு பெயர் இல்லாததால் ஒருவரும் வரவில்லை.

தமிழ்ப் பூசை முடிந்து வெளியே வரும்போது புஸ்பம் அக்கா மட்டும் கேட்பார்.

"அண்ணை எப்ப வாறாராம்?"

"தோடை காய்க்க வருவார் அக்கா."

ஒரு வியாழக்கிழமை, வேலைக்குப் போகும் வழியில் பேக்கரியில் பாண் வாங்கினேன். பையை நீட்டிய பெண்ணின் விரல்கள் என் கையில் பட்டன. சூடான விரல்கள். நான் திடுக்கிட்டுக் கையை இழுத்தேன். பாண் நிலத்தில் விழுந்தது. அந்தப் பிள்ளை மன்னிப்புக் கேட்டாள். நான் குனிந்து பாணைப் பொறுக்கும்போதுதான், கடைசியாக ஒரு மனித உடம்பு என்மேல் பட்டது எப்போது என்று யோசித்தேன். நினைவு வரவில்லை.

இதை மத்தியானம் ஹைக்கேயிடம் சொன்னேன். வேடிக்கையாகச் சொல்வதுபோலத்தான் சொன்னேன். அவள் முகமூடியைக் கீழே இழுத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"சனிக்கிழமை என்னோடை வா" என்றாள்.

அயலார்

கொன்ட்ரா என்று பெயர் சொன்னாள். அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் ஊர் மண்டபங்களில் ஆடும் ஆட்டம். அங்கே எப்படியோ, இங்கே டுசல்டோர்ஃபில் அதற்கு ஒரு சின்னக் கூட்டம் இருந்தது. ஆசிரியர்கள், தபால்காரர், ஒரு தாதி, ஓய்வுபெற்றவர்கள் பலர்.

இரண்டு நீள வரிசை, எதிரெதிராக. உங்களுக்கு ஒரு சோடி. அவர் ஆட்டம் முடியும்வரை உங்களோடுதான். பக்கத்துச் சோடி உங்கள் அயலார். மெட்டு ஒருமுறை முடிவதற்குள் அயலாரோடு கை கோத்து, சுழன்று, குறுக்கே கடந்து, ஒரு இடம் நகர்ந்துவிடுவீர்கள். மெட்டு திரும்பத் தொடங்கும்போது எதிரில் புது அயலார். இப்படியே வரிசை முழுவதையும் தொட்டுவிடலாம். அடி தெரிய வேண்டியதில்லை. நடக்கத் தெரிந்தால் போதும். என்ன செய்வது என்று மேடையில் நின்று ஒருவர் சொல்லிக்கொண்டே இருப்பார். அவரைக் கோலர் என்பார்கள்.

ஸ்விங் என்று ஒன்று உண்டு. இருவர் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு ஒரே இடத்தில் வேகமாகச் சுழல்வது. அன்று கோலராக நின்ற ஃபோல்கர், ஓய்வுபெற்ற வாத்தியார், எனக்காக நிறுத்தி விளங்கப்படுத்தினார்.

"தலை சுத்தாமல் இருக்க ஒரு வழிதான் இருக்கு. மற்ற ஆளின்ரை கண்ணைப் பாருங்கோ."

பார்த்தேன். முதலில் நரைத் தாடிக்காரர் ஒருவர். பிறகு தாதி. பிறகு யாரென்றே தெரியாத பலர். மண்டபம் முழுவதும் கோடாகக் கரைந்து ஓட, ஒரு முகம் மட்டும் அசையாமல் நின்றது. இடைவேளையில் கழிவறைக்குப் போய்க் கைகளைக் குழாய்க்குக் கீழே பிடித்தேன். இரண்டு உள்ளங்கையும் சிவந்திருந்தன. கழுவ மனம் வராமல் குழாயை மூடினேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அன்று வாசித்த மெட்டுகளில் ஒரு வகையைக் கேட்டதும் என் கால் தானாக அசைந்தது. மன்னார்க் கலியாண வீடுகளில் அடிக்கும் பைலாப் பாட்டின் அதே நடை. எங்கிருந்து எங்கே போனதோ, யார் கொண்டுபோனார்களோ எனக்குத் தெரியாது. கால் மட்டும் அடையாளம் கண்டது.

செய்தி புஸ்பம் அக்காவுக்குப் போய்ச் சேர அதிக நாள் எடுக்கவில்லை.

"வெள்ளைக்காரரோடை கை கோத்து ஆடுறியாம், உண்மையோ?"

"ஓம் அக்கா."

"அண்ணைக்குத் தெரியுமோ?"

"தெரியும்."

"என்ன சொன்னவர்?"

"முழங்கால் கவனம் எண்டவர்."

அக்கா கைப்பையைத் திறந்து எதையோ தேடினார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

வினைச்சொல் பிந்தி வந்தது

ஃபோல்கர் தெற்கே மகன் வீட்டுப் பக்கம் குடிபோக முடிவெடுத்தபோது, அடுத்த கோலர் யார் என்ற கேள்வி வந்தது. எல்லோரும் சப்பாத்துக் கயிற்றைக் கட்டத் தொடங்கினார்கள். அவர் என்னைக் காட்டினார்.

"நான் சொல்ல முதலே இவவின்ரை கால் திரும்புது. இவ சொல்லைக் கேக்கேல்லை, பாட்டைக் கேக்கிறா."

ஒரு குளிர்காலம் முழுவதும் அவர் வீட்டுக்குப் போய் வந்தேன். மெட்டு ஒன்றைப் போட்டுவிட்டு, "இது என்ன கேக்குது?" என்பார். நான் முழிப்பேன். மறுபடி போடுவார். கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்கத் தொடங்கியது. தரையை உதைப்பதுபோல ஓரிடத்தில் கனக்கிற மெட்டு என்றால், அந்த இடத்தில் எல்லோரும் கை பிடித்து முன்னும் பின்னும் ஆடி உதைக்க வேண்டும். நிற்காமல் வழுகி ஓடுகிற மெட்டு என்றால் உதைப்பு கூடாது. நாலு பேர் தலைமயிர் பின்னுவதுபோல ஒருவரைச் சுற்றி ஒருவர் போகும் பின்னல்தான் அதற்குப் பொருந்தும். ஒரே ஆட்டத்தை எல்லா மெட்டுக்கும் போட்டால் ஆடுபவர்கள் களைத்துப் போவார்கள். ஏன் களைத்தோம் என்று அவர்களுக்கே தெரியாது.

மேடையேறிய முதல் நாள் என் நாக்குத்தான் காலை வாரியது. கோலர் எதையும் சற்று முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். சொல் முடியும்போது கால் எழும்ப வேண்டும். என் மண்டைக்குள் கட்டளை தமிழில் வந்தது. வலது கையை அயலாருக்குக் கொடுத்துச் சுற்றுங்கள் என்று தமிழ் எழும்பினால், என்ன செய்வது என்ற சொல் கடைசியில்தானே வரும்? அதை ஜெர்மன் மொழிக்கு மாற்றி வாயில் எடுப்பதற்குள் மெட்டு போய்விட்டது. வரிசை முழுவதும் வலது கையை நீட்டிக்கொண்டு, இதை என்ன செய்வது என்று என்னைப் பார்த்தது.

இடைவேளைக்குப் பிறகு வாக்கியத்தையே விட்டுவிட்டேன். "வலக்கை!" "ஸ்விங்!" "குறுக்கே!" அவ்வளவுதான். சரியாக வந்தது.

இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து ஜெர்மன் எனக்குச் சொல்லப்படும் மொழியாகவே இருந்தது. இங்கே கையெழுத்து, அங்கே முத்திரை, அடுத்த சந்திப்புக்கு டெர்மின் அடுத்த மாதம், கதிரையில் இருங்கள், வெளியே நில்லுங்கள். அந்த மொழியில் நான் ஒருநாள் மேடையில் நின்று "எல்லாரும் இடப்பக்கம்!" என்றேன். எல்லாரும் இடப்பக்கம் போனார்கள். சிரிப்பு வந்துவிட்டது, ஒலிவாங்கியைத் திருப்பிப் பிடித்துக்கொண்டேன்.

ஆனால் கோலர் ஆடுவதில்லை. இதை ஃபோல்கர் சொல்லித்தரவில்லை. நான் ஒருவருடைய கையைப் பிடிக்க என்று அந்த மண்டபத்துக்குள் வந்தவள். இப்போது சனிக்கிழமைதோறும் எல்லோருடைய கைகளையும் கோத்துவிட்டு, மேடையில் தனியாக நின்றேன். ஒவ்வொரு மாலையும் கடைசியில் வோல்ட்ஸ் ஒன்று உண்டு. அதற்குக் கோலர் தேவையில்லை, இறங்கி ஆடலாம். நான் ஒலிவாங்கியை வைத்துவிட்டு இறங்குவதற்குள் எல்லோரும் சோடி சேர்ந்திருப்பார்கள். நான் வயர் சுற்றுவேன்.

யோகன்

ஹைக்கேயின் கணவர் பெயர் யோஹன். நான் முதல் நாளே யோகன் என்றுதான் கூப்பிட்டேன். எங்கள் ஊரில் தெருவுக்கு ஒரு யோகன் இருப்பார் என்றேன். அவருக்கு அது பிடித்துப்போய், தன்னை எல்லோருக்கும் அப்படியே அறிமுகப்படுத்தத் தொடங்கினார். அக்கோடியன் வாசிப்பார். பெரிய மனிதர், மெல்லிய குரல். வாசிக்கும்போது வாத்தியத்தின் மேல் கன்னத்தை வைத்துக்கொண்டு கண்ணை மூடுவார்.

கடைசிக் குளிர்காலத்தில் அவருக்கு நுரையீரல் மோசமாகிவிட்டது. மண்டபத்தின் படிகளை ஏறிவிட்டு வாசலிலேயே ஒரு கதிரையில் இருப்பார். வசந்தத்தில் இறந்துபோனார்.

ஹைக்கே கொஞ்ச நாளில் வேலைக்கு வந்தாள். முன்புபோலவே பற்களுக்கு நிறம் தீட்டினாள். சனிக்கிழமைகளில் மட்டும் வரவில்லை. இலையுதிர்காலத்தில் ஒருநாள், மேசையில் குனிந்தபடியே சொன்னாள்.

"யோகன் கடைசியா ஒரு மெட்டுச் செய்தவர். பெரிய ஆட்ட நாளுக்கு நான் வாசிக்கிறன். நீ அதுக்கு ஒரு ஆட்டம் போடு."

வருடம் முடியும் முன் வெளியூர்க்காரரும் வந்து ஆடும் நாள் ஒன்று உண்டு. அதைச் சொன்னாள். நான் ஓம் என்றேன். மெட்டைக் கேட்ட பிறகுதான் விசயம் தெரிந்தது. ஆட்டத்துக்கான மெட்டுகள் எட்டு எட்டு அடியாக வெட்டிவைத்த துண்டுகள்போல இருக்கும். இதில் கடைசித் துண்டுக்கு ஒரு வால் இருந்தது. நாலு அடிக்கு ஒரே சுரம், அசையாமல் நின்றது.

ஃபோல்கருக்குத் தொலைபேசி எடுத்தேன். "வெட்டுங்கோ. அப்பிடியான மெட்டுகளை எல்லாரும் வெட்டித்தான் ஆடுறவை" என்றார்.

வெட்டாமல் ஸ்விங்கை நீட்டிப் பார்த்தேன். அதுதான் அந்த மோதல்.

அலம்பிய கோப்பைகள்

குசினிக்குள் ஹைக்கே கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். அவை ஏற்கனவே கழுவி அடுக்கியிருந்தவை.

"அந்த இடத்திலைதான் அவர் மூச்செடுப்பார்" என்றாள் என்னைத் திரும்பிப் பாராமல். "வாசிச்சுக்கொண்டே போவார், பிறகு ஏலாது. விரலை ஒரு சுரத்திலை வைச்சிட்டு மூச்செடுப்பார். முதல் நாள் அது தடங்கல். அடுத்த நாளும் அங்கைதான் நிண்டவர். பிறகு பாத்தால் அதையும் மெட்டுக்குள்ளை வைச்சிட்டார். அதை நான் எப்பிடி வெட்டிறது?"

"வெட்டவேண்டாம்" என்றேன்.

"ஆட்டம் வராட்டில் நான் வாசிக்கமாட்டன், ஜெசிந்தா. கதிரையிலை இருந்து கேக்கிறதுக்கெண்டு அவர் செய்யேல்லை. ஆடுறதுக்குச் செய்தவர்."

ஒரு கோப்பையைத் துடைத்து என் கையில் தந்தாள். நான் அதை அடுக்கினேன்.

"நத்தார்ப் பண்டிகை முடிய நான் தங்கச்சியட்டைப் போறன். கடற்கரைப் பக்கம். வீடு பாத்தாச்சு."

"திரும்பி?"

தலையை ஆட்டினாள். இல்லை என்று. வெளியே மண்டபத்தில் யாரோ கித்தாரின் தந்தியை முறுக்கிக்கொண்டிருந்தார்கள். அந்த ஊரில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட இருந்த ஒரே ஆள் அவள். துணியை வாங்கி மீதிக் கோப்பைகளையும் துடைத்தேன்.

அடுத்த சனிக்கிழமை, மிஞ்சிய நாலு அடிக்கும் கை தட்டச் சொன்னேன். கும்மி மாதிரி, குனிந்து ஒன்று, நிமிர்ந்து ஒன்று. ஒருவரும் மோதவில்லை. எல்லோருக்கும் பிடித்துவிட்டது. தபால்காரர் விசிலடித்தார். "இதுதான்!" என்றார் கித்தார்க்காரர்.

நான் ஹைக்கேயின் வில்லைப் பார்த்தேன். அவள் அந்தச் சுரத்தை வாசித்துக்கொண்டுதான் இருந்தாள். கைதட்டலில் அது கேட்கவேயில்லை. அடுத்த நாள் நான் கைதட்டலை எடுத்துவிட்டேன்.

மேசை முழுக்கக் கோப்பை

புது ஆட்டம் யோசிக்கும்போது நான் வீட்டுக் குசினி மேசையில் தேநீர்க் கோப்பைகளை வரிசையாக வைத்து நகர்த்துவேன். கைபிடி உள்ளவை ஒரு வரிசை, இல்லாதவை எதிர் வரிசை. ஞாயிறு காலை அப்படி இருந்தபோது இளவாலையிலிருந்து அழைப்பு வந்தது. தொலைபேசியைச் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்தேன்.

"என்ன மேசை முழுக்கக் கோப்பை? ஆரும் வந்தவையோ?"

"ஒருத்தரும் வரேல்லை. ஆட்டம் ஒண்டு சரிபாக்கிறன்."

"கோப்பையளோடையோ ஆடுறாய்?"

"நான் ஆடுறேல்லை. மற்றவையை ஆட்டுவிக்கிறன்."

"என்னையும் அப்பிடித்தானே ஆட்டுவிச்சனீ" என்று சிரித்தார். பிறகு தோட்டத்துக்கு நடந்தார். வெயில், மதில், அவருடைய இடுப்புச் சாரத்தின் ஓரம் எல்லாம் ஆடி ஆடி வந்தன. "இஞ்சை பார், இந்தக் கன்றிலை..." என்று கையைத் தூக்கியவர் அப்படியே நின்றார். படம் உறைந்துவிட்டது. வாய் பாதி திறந்தபடி, கை பாதி தூக்கியபடி.

வேறு நாளென்றால் துண்டித்துவிட்டுத் திரும்ப எடுப்பேன். அன்று என் இரண்டு கையிலும் கோப்பைகள் இருந்தன. அதனால் அப்படியே இருந்தேன். அவருடைய முகத்தைப் பார்த்தேன். சாதாரணமாக அவர் கதைக்கும்போது நான் பார்ப்பது திரையின் மூலையில் தெரியும் என்னைத்தான். புருவம் முழுக்க நரைத்திருந்தது. அது எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

பிறகு படம் அசைந்தது. "...மூண்டு பூ வந்திருக்கு. கேக்குதோ?"

"கேக்குது. சொல்லுங்கோ."

அவர் வைத்த பிறகு வெகுநேரம் கோப்பைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை நாளும் அந்த நாலு அடியை எதைக்கொண்டு நிரப்புவது என்றே தேடிக்கொண்டிருந்தேன். அதை நிரப்ப வேண்டியதே இல்லை. யோகன் நின்ற இடத்தில் எல்லோரும் நிற்கட்டும்.

ஆனால் சுழன்றுகொண்டிருப்பவரைத் திடீரென்று நில் என்றால் நிற்க முடியாது. உடம்பு இழுத்துக்கொண்டு போகும். ஆகவே ஆட்டத்தைத் தலைகீழாகப் பிரித்துப் போட்டேன். ஸ்விங்கைத் தொடக்கத்துக்குக் கொண்டுபோனேன். பின்னலை நடுவில் வைத்தேன். கடைசித் துண்டில் இரண்டு வரிசையும் கை கோத்து மெல்ல முன்னே வந்து பின்னே போவது. பிறகு நடந்து குறுக்கே கடந்து புது அயலாரிடம் போய்ச் சேர்வது. அங்கே அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு நிற்பது. அந்த நாலு அடியும் அதுதான். மெட்டு திரும்பத் தொடங்கும்போது அதே ஆளோடு ஸ்விங்.

சும்மா நிற்பதைச் சொல்லிக்கொடுப்பது இவ்வளவு கடினம் என்று நான் நினைக்கவில்லை.

"அந்த நேரத்திலை என்ன செய்யிறது?" என்று தாதி கேட்டாள்.

"ஒண்டும் செய்யாதேங்கோ."

"ஒண்டுமேயோ?"

"கையை மட்டும் விடாதேங்கோ."

சிலர் கூரையைப் பார்த்தார்கள். சிலர் சிரித்தார்கள். தபால்காரர் நிற்கும் இடத்திலேயே கால் மாற்றிக் கால் வைத்தார். எதற்காக நிற்கிறோம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவர்களுக்காக எத்தனையோ சனிக்கிழமைகள் வாசித்த மனிதர் அவர். பழகப் பழக, அந்த இடம் வரும்போது மண்டபம் தானாக அடங்கத் தொடங்கியது.

பெரிய ஆட்ட நாள்

மண்டபம் நிறைந்திருந்தது. வெளியூரிலிருந்து முகம் தெரியாதவர்கள் பலர். சன்னல்களில் மூச்சு படிந்து வழிந்தது. ஹைக்கே கறுப்புச் சட்டை போட்டிருந்தாள். தோளில் வயலின் வைக்கும் இடத்தில் வெள்ளைத் துணி.

முதல் சுற்றுகளில் நான் எல்லாவற்றையும் சொன்னேன். "ஸ்விங்!" "பின்னல்!" "முன்னே!" "குறுக்கே!" பிறகு, "நில்லுங்கோ." ஆடுபவர்களுக்கு ஆட்டம் பிடிபட்டதும் கோலர் சொற்களைக் குறைத்துக்கொண்டே வருவார். கடைசியில் பேச்சையே நிறுத்திவிடுவார். நானும் நிறுத்தினேன்.

மேடையிலிருந்து பார்த்தபோது, மண்டபம் முழுவதும் சுழன்று, பின்னி, கடந்து, ஒரே நொடியில் நின்றது. வயலினில் அந்த ஒற்றைச் சுரம். இரண்டு வரிசை நெடுகப் பிடித்த கைகள். ஒருவரையொருவர் அதற்கு முன் கண்டிராதவர்கள், கண்ணைப் பார்த்துக்கொண்டு, அசையாமல். சப்பாத்துச் சத்தம்கூட இல்லை. பிறகு மெட்டு எழும்ப, எல்லோரும் சுழன்றார்கள்.

என் கையில் ஒலிவாங்கி மட்டும் இருந்தது.

போதும், இது கடைசிச் சுற்று என்று கோலர் விரலைக் காட்ட வேண்டும். நான் காட்டினேன். ஹைக்கே தலையை ஆட்டி மறுத்தாள். இன்னும் கொஞ்சம் விட்டுக் காட்டினேன். மறுபடி மறுத்தாள். வரிசையில் சிலருக்கு மூச்சு வாங்கியது, ஆனாலும் ஒருவரும் விலகவில்லை. மூன்றாம் முறை நான் காட்டவில்லை. அவளே என்னைப் பார்த்துக் கண்ணை மூடித் திறந்தாள்.

கடைசி நாலு அடியில் அவள் சுரத்தை நீட்டிக்கொண்டேயிருந்தாள். வில் முடியும்வரை. ஒருவரும் கையை விடவில்லை.

அன்று வோல்ட்ஸைக் கித்தார்க்காரர் தனியாக வாசித்தார். வழக்கம்போலச் சோடிகள் சேர்ந்தன. நான் குனிந்து வயரைச் சுற்றத் தொடங்கினேன். ஹைக்கே வந்து என் முழங்கையைத் தொட்டாள்.

"வயர் கிடக்கட்டும்."

இரண்டு பேரும் ஆடினோம். அவளுடைய இடக்கை விரல் நுனிகள் தந்தி அழுத்தி அழுத்திக் காய்த்துப் போயிருந்தன. அவளுக்கு வியர்வை மணம், வயலின் மெழுகின் மணம். பாட்டு முடிந்ததும் அவள் தன் கோட்டை எடுக்கப் போனாள்.

மொழி இல்லாத பாட்டு

ஹைக்கே சொன்னபடியே போய்விட்டாள். அவளுடைய மேசையில் இப்போது வேறொரு பிள்ளை. நல்ல பிள்ளை, காதில் எதையோ மாட்டிக்கொண்டு வேலை செய்கிறது.

போகும் முன் அந்த மெட்டைப் பதிவு செய்து தரக் கேட்டேன். மாட்டேன் என்றாள். "ஆக்கள் ஆடேக்கைதான் அது மெட்டு" என்றாள். கடற்கரையிலிருந்து சிலவேளை படம் அனுப்புகிறாள். கடல், மேகம், நாய். வயலின் பற்றி நான் கேட்பதில்லை.

அதன் பிறகு கித்தார்க்காரருக்கும் தனியாக வாசிக்க மனமில்லை. பதிவுசெய்த இசைக்குத்தான் ஆடுகிறோம். பதிவில் வரும் மெட்டுகள் எல்லாம் ஒழுங்காக, வால் இல்லாமல் முடிகின்றன. ஆட்டம் போடுவது சுலபம். நான் மேடையில் நின்று சொல்கிறேன், அவர்கள் ஆடுகிறார்கள்.

அண்மையில் ஒரு சனிக்கிழமை பனி கொட்டியது. கொஞ்சப் பேர்தான் வந்தார்கள். ஒலிபெருக்கியில் ஒலிவாங்கி மட்டும் வேலை செய்தது. பாட்டுப் போடும் பக்கம் இறந்துபோய்க் கிடந்தது. தபால்காரர் எதையெதையோ அமுக்கிப் பார்த்துவிட்டுக் கையை விரித்தார். வீட்டுக்குப் போவோம் என்று நான் சொல்ல வாயெடுத்தபோது தாதி கேட்டாள்.

"யோகனின்ரை ஆட்டம் ஆடுவமோ?"

"மெட்டு இல்லையே."

"உங்களுக்குத் தெரியும்தானே?"

அவர்கள் ஏற்கனவே வரிசையில் நின்றுவிட்டார்கள். கோட்டைப் போட்டவர்கள்கூடக் கழற்றி வைத்துவிட்டு வந்து நின்றார்கள். நான் ஒலிவாங்கியை வாய்க்கருகில் பிடித்தேன். சொல் எதுவும் இல்லாததால் "தன்னன்னானே" என்று தொடங்கினேன். முதல் சுற்றில் குரல் நடுங்கிப் பாதியில் கீழே விழுந்தது. அவர்கள் நிற்கவில்லை. நானும் விடவில்லை. மேல் துண்டில் குரல் எட்டாத இடத்தைக் கீழே இறக்கிப் பாடினேன். குறுக்கே கடந்து கை பிடித்து அவர்கள் நிற்க, அந்த ஒற்றைச் சுரத்தைப் பிடித்துக்கொண்டு நானும் நின்றேன். பாடிக்கொண்டே ஆட்டம் சொல்ல முடியாது. அவர்களுக்குச் சொல்லவும் தேவையிருக்கவில்லை. எத்தனை சுற்றுப் போனதோ தெரியாது.

முடிந்ததும் புதிதாக வந்திருந்த ஒருவர் மேடைக்குக் கிட்ட வந்தார்.

"அது எந்த மொழி?" என்று கேட்டார்.

"மொழி இல்லை. சும்மா தன்னானே" என்றேன்.

ஞாயிறு காலை தொண்டை முழுவதும் கட்டியிருந்தது. வழக்கமான நேரத்துக்கு இளவாலையிலிருந்து அழைப்பு வந்தது.

"என்ன குரல் இப்பிடிக் கிடக்கு? தடிமனோ?" என்றார் என் கணவர்.

"இல்லை. நேற்றுப் பாடினனான்."

"ஆர்?"

"நான்தான். ஆக்கள் ஆட, நான் பாடினனான்."

அவர் கிணற்றடியில் நின்றார். பின்னால் வாளி சுவரில் உரசும் சத்தம் கேட்டது. எங்கள் மகளுக்கே ஒரு பிள்ளை பிறந்துவிட்டது. அந்தப் பிள்ளையின் தாயை, டுசல்டோர்ஃபின் ஓர் அறை வீட்டுக் குசினியில், இந்தக் குரலால்தான் இரவிரவாகத் தாலாட்டி நித்திரையாக்கினேன். சுவருக்கு அந்தப் பக்கம், காலை வேலைக்குப் போக வேண்டும் என்று அவர் காதுவரை போர்த்துக்கொண்டு படுத்திருப்பார்.

"நீ பாடுவியோ, ஜெசி?" என்றார்.

"ஓம்" என்றேன். "பாடுவன்."